மூன்றரை வயதுக்கு ஒரு நுழைவுத் தேர்வு

எல்.கே.ஜி. அட்மிஷன் என்றாலே பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஃபாரம் வாங்க விடியற்காலை வரிசை, அதன் பிறகு 'இண்டர்வியூ'. இது என்ன கலர்? இந்தப் படங்களில் சேராதது எது? மூன்றரை வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும். பால்குடி மறந்து ரெண்டு வருஷம் ஆகாத பிள்ளையிடம் இப்படிக் கேட்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

அதற்கு நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. பிரான்சில் கட்டாயக் கல்வி வந்ததும், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் காண்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. 1904ல் அரசு ஒரு குழு அமைத்தது. ஆல்ஃப்ரெட் பினே, தியோடர் சீமோன் இருவரும் 1905ல் 30 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலைக் கொடுத்தார்கள். நோக்கம் ஒன்றுதான், எந்தப் பிள்ளைக்கு கூடுதல் உதவி தேவை என்று தெரிந்துகொள்வது. அறிவு பிறவியிலேயே முடிவாகிவிட்டது, மாறாது என்ற பேச்சை 1909லேயே பினே கண்டித்து எழுதினார்.

1911ல் அவர் இறந்தார். கருவி வேறு கைகளுக்குப் போனது. 1916ல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி, ஐக்யூ என்ற ஒற்றை எண்ணைப் பரப்பினார். இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, 11 வயதில் எழுதும் ஒரு பரீட்சை எந்த வகைப் பள்ளி என்பதைத் தீர்மானித்தது. "யாருக்கு உதவி தேவை?" என்ற கேள்வி "யாரை உள்ளே விடலாம்?" என்று தலைகீழாகிவிட்டது.

இந்தியாவுக்கும் அது சீக்கிரமே வந்தது. 1922ல் லாகூரில் சி.ஹெச். ரைஸ் பினே சோதனையை இந்துஸ்தானிக்கு மாற்றினார். 1930களில் வி.வி. காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் கொண்டுவந்தார். நம் பள்ளிகளின் இண்டர்வியூ இப்படி முறையாகத் தயாரித்த சோதனை கூட இல்லை, அதன் நிழல்தான்.

எதிர்ப்பும் எழுந்தது. 1989ல் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் குழந்தைகளின் புத்தகச் சுமை பற்றிப் பேசினார். அதைத் தொடர்ந்து அமைந்த யஷ்பால் குழு, நர்சரி சேர்க்கைக்கு டெஸ்ட்டும் இண்டர்வியூவும் கூடாது என்று 1993ல் பரிந்துரைத்தது. சட்டம் வர இன்னும் 16 வருடம் ஆனது. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 13: வடிகட்டும் தேர்வு நடத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 வரை. சட்டம் ஒப்புக்கொள்ளும் ஒரே தேர்வு முறை குலுக்கல்!

ஆனால் ஓட்டை இருக்கிறது. சட்டம் 6 முதல் 14 வயதுக்கானது. 25 சதவீத ஒதுக்கீடு தவிர, நர்சரி சேர்க்கைக்கு இது பொருந்தாது என்று 2013 பிப்ரவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. அதாவது ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த பாதுகாப்பு மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

சரி, பரீட்சையே தப்பா? மரக்காணத்துக்குப் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்வி சிக்கலாகிவிடும். அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள். ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அதே சாலையில் தெற்கே புதுச்சேரி எல்லைக்குள் காலாப்பட்டு. அங்கே மத்திய அரசின் நவோதயா பள்ளி இருக்கிறது. தங்கிப் படிக்கும் பள்ளி, 75 சதவீத இடம் கிராமப் பிள்ளைகளுக்கு. ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. 100 மதிப்பெண்ணில் 50, 'மனத்திறன்' பகுதிக்கு. ஆனால் அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைகள்தான் எழுதலாம். மரக்காணம் விழுப்புரம் மாவட்டம். மும்மொழிக் கொள்கையைக் காரணம் காட்டி தமிழகம் நவோதயாவை ஏற்கவில்லை. எனவே உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு அந்தப் பரீட்சையில் தோற்கிற வாய்ப்பு கூடக் கிடைக்கவில்லை.

கிடைத்திருந்தால்? கண்ணாடி பிம்பம், விடுபட்ட உருவம் என்று பயிற்சிப் புத்தகமும் டியூஷனும் வாங்க முடிந்த வீட்டோடு அவள் போட்டியிட வேண்டும். கடல் தண்ணீர் எந்தப் பாத்தியில் எப்போது உப்பாகும் என்று அவளிடம் யாரும் கேட்கப் போவதில்லை.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது டிமாண்ட், சப்ளை விவகாரம். நல்ல பள்ளியில் இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். பணத்தால் பங்கிடலாம், வரிசையால் பங்கிடலாம், குலுக்கலாம், பரீட்சை வைக்கலாம். குலுக்கலில் பெயர் வராவிட்டால் அதிர்ஷ்டம் இல்லை என்று வீட்டுக்குப் போகலாம். பரீட்சை மட்டும், "இடம் இல்லை" என்பதற்குப் பதிலாக "உன் பிள்ளைக்கு மூளை இல்லை" என்று சொல்லி அனுப்புகிறது. மூன்றரை வயதில் அதைக் கேட்ட வீடு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

பக்கத்துத் தெருப் பள்ளியே நல்ல பள்ளியாக இருந்தால் பங்கிடும் வேலையே இல்லை. பினே 1905ல் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கலாம்: எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை? யோசிப்போமா நண்பர்களே?