குரலில் பிறந்த நூல்

அரங்கில் கேட்டபோது நெஞ்சை அள்ளிய கவிதை, அச்சில் காணும்போது சில வேளைகளில் வாடிய மலராகத் தோன்றுகிறது. கவியரங்கம் கண்டோர் பலரும் உணர்ந்த உண்மை இது. கல்விக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். அவர் வழிவந்த நமக்குச் செவியின் சிறப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், செவிக்கெனப் பிறந்த சொல் ஏட்டில் ஏறும்போது எதை இழக்கிறது, எதைக் காத்துக்கொள்கிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும். இவ்வினாவுக்கு விடை பகரும் வரலாறு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. கிறித்தவ நம்பிக்கை, அறநெறி, சமுதாயம் ஆகியவை குறித்து சி. எஸ். லூயிஸ் வானொலியில் ஆற்றிய உரைகளின் வரலாறே அது.

பேசும் நூல்கள்

1877-ஆம் ஆண்டில் ஒலிவரைவியைக் கண்டறிந்த எடிசன், அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றோருக்கான நூல்களையும் அவற்றுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். அக்கனவு நனவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1934-இல் அமெரிக்காவிலும், 1935-இல் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் 'பேசும் நூல்கள்' பார்வையற்றோர் கைக்கு வந்தன. அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டவற்றுள் ஷேக்ஸ்பியரின் படைப்புகளோடு விவிலியத்தின் நற்செய்தி நூல்களும் திருப்பாடல்களும் இடம்பெற்றன. இவை ஏட்டிலிருந்து குரலுக்குச் சென்றவை. லூயிஸின் நூலோ குரலிலிருந்து ஏட்டுக்கு வந்தது.

போர்க்கால அழைப்பு

1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை இலண்டன் மாநகரம் வான்வழிக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அந்நாள்களில் பி.பி.சி.யின் சமய ஒலிபரப்புத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் ஜேம்ஸ் வெல்ச். துன்பத்தின் பொருளை ஆராய்ந்து லூயிஸ் எழுதி 1940-இல் வெளிவந்த நூலைப் படித்த அவர், 1941 பிப்ரவரியில் லூயிஸுக்குக் கடிதம் எழுதி, வானொலியில் பேச அழைத்தார்.

லூயிஸ் குருவானவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். பெல்ஃபாஸ்டில் 1898-இல் பிறந்து, இளமையில் இறைமறுப்பாளராக வாழ்ந்து, முதல் உலகப் போரில் பிரான்சு மண்ணில் காயமுற்று, 1931-இல் மீண்டும் கிறித்தவ நம்பிக்கைக்குத் திரும்பியவர். வானொலியில் அவருக்கு அவ்வளவாக விருப்பம் இல்லை. ஆயினும் அழைப்பை ஏற்றார். 1941 ஆகஸ்டு மாதத்தில், புதன்கிழமை மாலைகளில், கால் மணி நேர உரைகள் தொடங்கின.

முதல் உரையை அவர் கடவுளைக் கொண்டு தொடங்கவில்லை. மனிதர்கள் சண்டையிட்டுக்கொள்ளும் பேச்சிலிருந்து தொடங்கினார். இருக்கைக்காகவோ ஓர் ஆரஞ்சுத் துண்டுக்காகவோ சண்டையிடும் இருவர், தமக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வதில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு நியாயத்தைச் சுட்டியே வாதிடுகின்றனர். அந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. எல்லார் செவியிலும் நாள்தோறும் விழும் ஓசையிலிருந்து புறப்பட்டமையால், சமயப் பற்று இல்லாதவரும் அவரைப் பின்தொடர முடிந்தது. கேட்டோரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவர்களுடைய ஐயங்களுக்கு விடை கூறவே செப்டம்பரில் கூடுதலாக ஓர் உரை நிகழ்ந்தது.

அறமும் சமுதாயமும்

1942-இன் தொடக்கத்தில் கிறித்தவ நம்பிக்கையைப் பற்றிய இரண்டாம் வரிசை வந்தது. ஒரு திருச்சபையின் கருத்தாக மட்டும் தம் உரை அமைந்துவிடலாகாது என்று எண்ணிய லூயிஸ், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், ரோமன் கத்தோலிக்கம் ஆகிய நான்கு சபைகளின் குருமார்களுக்கும் கைப்படியை அனுப்பிக் கருத்துக் கேட்டார்.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் படைவீரர்களுக்கென ஒலிபரப்பான எட்டு உரைகள் அறத்தைப் பற்றியவை. அறத்தை அவர் ஒரு கப்பல் அணிக்கு ஒப்பிட்டார். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலும் உள்ளே பழுதின்றி இருக்க வேண்டும். அணி முழுவதும் சேர வேண்டிய துறைமுகம் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். சமுதாயம், தனி மனித உள்ளம், வாழ்வின் இலக்கு என்னும் மூன்றையும் இவ்வொரே உவமையில் அவர் அடக்கினார்.

சமுதாய அறம் பற்றிய உரை எவரையும் முழுதாக மகிழ்விக்கவில்லை எனலாம். உண்மையான கிறித்தவச் சமுதாயம் பொருளியலில் பொதுவுடைமைப் போக்கும் குடும்ப வாழ்வில் பழமைப் போக்கும் கொண்டதாக இருக்கும் என்றார். வட்டிக்குக் கடன் கொடுப்பதைப் பண்டைய கிரேக்கரும் யூதரும் இடைக்காலக் கிறித்தவரும் ஒருங்கே விலக்கியிருக்க, இன்றைய உலகமோ அதன்மேலேயே எழுந்து நிற்கிறது என்று நினைவூட்டினார். மிஞ்சியதை ஈவது ஈகையாகாது, நம் வசதி குறையும் அளவுக்கு ஈய வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

இவற்றினும் அரியது மன்னிப்பைப் பற்றிய உரை. போலந்து நாட்டவராகவோ யூதராகவோ இருந்தால் கெஸ்டபோவை மன்னிப்பீரா என்று கேட்போர் உண்டு என்பதை அவரே எடுத்துரைத்தார். தம்மால் அது இயலும் என்று அவர் பெருமை பேசவில்லை. நுண்கணிதத்தை நாடுமுன் எளிய கூட்டலைக் கற்பதுபோல, முதலில் வாழ்க்கைத் துணையையும் பெற்றோரையும் பிள்ளைகளையும், படைவீரராயின் அருகிலுள்ள சிறு அதிகாரியையும் மன்னிக்கப் பழகுங்கள் என்றார். போர் நடுவே நின்று கேட்டோருக்குச் சொல்லப்பட்ட சொல் இது.

ஏட்டில் ஏறியபோது

1944-இல் நான்காம் வரிசையும் முடிந்தது. உரைகள் சிறு நூல்களாக வெளிவந்தன. பேச்சின் உயிரைக் காக்க விரும்பிய லூயிஸ், பேச்சு வழக்கின் குறுக்கச் சொற்களை அவ்வாறே வைத்தார். குரலால் அழுத்திய இடங்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். 1952-இல் அவற்றையெல்லாம் 'மியர் கிறிஸ்டியானிட்டி' என்ற ஒரே நூலாகத் தொகுத்தபோது, முன்பு செய்தது தவறு என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். பேசுவோனுக்குக் குரல் உண்டு. எழுதுவோனுக்கு அது இல்லை. ஆதலின் அழுத்தத்தைச் சொல்லும் தொடருமே தாங்க வேண்டும் என்று கண்டு, பெரும்பாலான சாய்வெழுத்துகளை நீக்கித் தொடர்களைத் திருத்தி அமைத்தார். உரையாடும் எளிமையை மட்டும் கைவிடவில்லை.

அத்திருத்தத்தின் அருமை இன்று நன்கு விளங்குகிறது. அப்போர்க்கால உரைகளுள் பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவு இப்போது இல்லை. அன்பின் நான்கு வகைகளைப் பற்றி 1958-இல் ஓர் அமெரிக்கத் திருச்சபை வானொலி அமைப்புக்காக லூயிஸ் பதிவு செய்த உரைகள், பின்னாளில் ஒலிநாடாவாக வெளிவந்து அவர் குரலை நமக்குக் காத்துத் தந்தன. போர்க்கால உரைகளோ அச்சு நூலின் வழியாகவே வாழ்கின்றன. அந்நூல் இன்று பிறர் குரலில் ஒலிநூலாக உலாவருகிறது. முதற்குரல் மறைந்தும் சொல் தளரவில்லை. தொடரின் கட்டமைப்பே அதைத் தாங்கி நிற்கிறது.

அவர் கூறிய சமயக் கருத்துகளை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரிமை. கவிஞர்களாகிய நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று இதில் உண்டு. அரங்கில் நம் கவிதையைத் தூக்கி நிறுத்தியது சொல்லா, குரலா? இதை அறிய எளிய வழி, அக்கவிதையை வேறொருவரிடம் கொடுத்து, ஏற்ற இறக்கம் ஏதுமின்றிப் படிக்கச் சொல்லிக் கேட்பதே. அப்போதும் அது நெஞ்சைத் தொடுமாயின், தயங்காது அச்சுக்கு அனுப்பலாம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம், இத்தகைய வாசிப்பு அமர்வு ஒன்றைத் தொடங்குமாயின், நம் கவிதைகள் கைதட்டல் ஓய்ந்த பின்னும் வாழும்.