மதுரைக்கு வந்த அட்டை

அறுவடை நாட்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். ஆந்திரத்தின் மதனப்பள்ளி பக்கம், ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியிருந்த ஓராசிரியர் பள்ளிகளில் இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்கள் பத்மநாப ராவும் ரமாவும். 1972-ல் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கிய டேவிட் ஹார்ஸ்பரோவிடம் பயின்றவர்கள். பாடநூலைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து வரிசைப்படுத்தினார்கள். விட்ட அட்டையிலிருந்து பிள்ளை தொடரலாம்.

சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-ல் அந்த அட்டை முறையை 13 மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08-ல் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை மாநிலம் முழுக்கப் பரவியது. மதுரை மாவட்டத்தின் மேலூர், உசிலம்பட்டி ஒன்றியப் பள்ளிகளுக்கும் தட்டுகளில் அட்டைகள் வந்து இறங்கின.

சுவரில் அட்டைகளின் வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படம் தொங்கும். தான் நிற்கும் படியைப் பிள்ளையே பார்த்து, அதே படச் சின்னமுள்ள அட்டையை எடுத்துப் பாயில் உட்காரும். எழுதிப் பார்க்கக் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஆசிரியரும் தரையில்தான். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதால் பயனுண்டு என்பதற்குத் தக்க சான்று இல்லை என 2008-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். அட்டை அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம் உண்டு என்பதை மட்டும் மதித்தது. அதன் பெருமையாக நான் நினைப்பது இதைத்தான்.

வழியில் ஒன்று தொலைந்தது. ரிஷிவேலியில் உள்ளூர்க் கதையும் பாட்டும் அட்டையில் ஏறின. இங்கே மாநிலத்துக்கே ஒரே அச்சு. பிள்ளை தானே படித்தது. ஆனால் தானே கேள்வி கேட்க அதில் இடம் குறைவு. கொரோனாவுக்குப் பின் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூல் தந்தது. கேள்வி அப்போதும் வெளியிலிருந்தே வந்தது.

மதுரையில் கேள்விக்கா பஞ்சம்? ஆனியில் மலிவாகக் கிடைக்கும் மல்லிகை மார்கழியில் கிலோ ஆயிரங்களைத் தொடுகிறது. ஏன்? விலை ஏறினால் பூ கட்டும் அம்மாவுக்குக் கூலி ஏறுமா? ஒரு கிலோ பூவில் எத்தனை முழம் வரும்? நான்காம் வகுப்புப் பிள்ளை வீட்டில் விசாரித்து, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை கேட்டு, கணக்குப் போட்டு, பக்கத்துப் பிள்ளையின் விடையோடு மல்லுக்கட்ட வேண்டிய கேள்விகள் இவை. வட்டார வள மையம் ஆசிரியருக்கு ஒரு கட்டு வெற்று அட்டையும், அதில் இப்படிப்பட்ட கேள்விகளை எழுத மாதம் ஒரு பிற்பகலும் கொடுக்கட்டும்.