பிளக் ஸ்பேனர் காலம்

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் வீட்டு வாசலில் வண்டியைப் பிரிப்பது பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. போளூருக்கு இறங்க சுமார் 40 கிலோமீட்டர்; இன்னொரு பக்கம் காவலூர் வழியாக ஆலங்காயம். மெக்கானிக்கிடம் போக வண்டி வேண்டும், வண்டியோ நின்றுவிட்டது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் சாமையும் புளியும் பலாவும் அடிவாரத்துக்கு இறக்கும் ஊர் இது. இங்கே ஸ்பேனரைக் கையில் எடுக்க வைத்தது தொலைவுதான்.

இந்தப் பழக்கத்துக்கு ஏற்ற வண்டி 1980இல் வந்தது. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய மொபெட். கியர் கிடையாது, எடை குறைவு, பின்னால் மூட்டை கட்டலாம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது என்பதால் கழற்றி மாட்ட வேண்டியவையும் சிலதான். ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு திருப்புளி, கொஞ்சம் உப்புத்தாள் இருந்தால் பாதி நோய்க்கு மருந்து கையில் இருந்தது.

மீதிப் பாதிதான் ஆளைப் படுத்தியது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே எஞ்சினுக்குள் போகும். அளவு கூடினால் பிளக்கில் கரி படியும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மலை இறக்கம் இதில் தனிக் கேடு. ஆக்சிலேட்டரை மூடியபடி நெடுந்தூரம் இறங்கும்போது பெட்ரோல் குறைவாகப் போகிறது, கூடவே ஆயிலும் குறைகிறது. கியர் இல்லாத வண்டியில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது. மூட்டையின் பாரம் முழுவதும் பிரேக் ஷூவின் மேல் விழும். சமவெளியில் பல மாதம் தாங்கும் ஷூ கொண்டைஊசி வளைவுகளில் சீக்கிரம் கருகி வாடை அடிக்கும்.

ஏற்றத்தில் இழுவை குறைந்தால் சந்தேகம் முதலில் சைலன்சர் மேல் போகும். அதைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டு, உள்ளே ஊறிய ஆயில் புகைந்து அடங்கியதும் கல்லில் தட்டுவார்கள். பொருக்குப் பொருக்காகக் கரி உதிரும். மாட்டியதும் வண்டி இழுக்கும்; நாட்டு வைத்தியங்களில் இது உண்மையிலேயே பலித்த ஒன்று. கார்பரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துவது அப்படியல்ல. அடைப்பு போகும், ஆனால் துளை ஒரு மயிரிழை பெரிதாகும். அன்றிலிருந்து வண்டி பெட்ரோல் குடிக்கும். குத்தியவருக்குக் காரணம் பிடிபடாது. தீப்பொறிக்கான பாயிண்ட்டைப் பார்க்க மேக்னெட்டைக் கழற்ற வேண்டும்; அதற்குப் புல்லர் என்ற கருவி தேவை. அது இல்லாமல் சுத்தியலால் தட்டினால் தண்டின் மரை போகும்.

மரை போவதுதான் வீட்டு ரிப்பேரின் பெரிய துக்கம். அலுமினிய ஹெட்டில் பிளக்கைக் கோணலாக ஏற்றி ஒரு சுற்று அழுத்தினால் போதும். பிறகு ஹெட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அடிவாரத்து லேத்துப் பட்டறையில் புஷ் அடித்து வாங்கித் திரும்பினால், பழைய கேஸ்கட் கிழிந்திருப்பது அப்போதுதான் தெரியும். எட்டணா வாஷருக்காக ஒரு நாள் கூலி போகும் கணக்கு மலையில் சகஜம்.

ஹீரோ ஹோண்டா சிடி 100 1985இல் வந்தபின் ஃபோர்-ஸ்ட்ரோக் மெல்லப் பரவியது. ஆயில் தனியாக எஞ்சினுக்குள் இருந்ததால் பிளக் துடைக்கும் வேலை குறைந்தது. வால்வு, டைமிங் செயின் என்று கை வைக்க அஞ்சும் இடங்கள் கூடின. மொபெட்டும் பின்னாளில் அந்த வழிக்கு வந்தது: டிவிஎஸ்ஸின் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் அமலானது. பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. புகை குறைந்தது, குளிர்காலக் காலையிலும் மலையில் வண்டி உடனே கிளம்பியது. அதை மறுக்க முடியாது. ஆனால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் உப்புத்தாள் உதவாது. எந்த சென்சார் என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும்.

பழுதுபார்க்கும் விவரம் வாங்கியவருக்கு எட்டாத குறைக்காக 2022 டிசம்பர் 24இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. கையேடும் உதிரிபாக விவரமும் இதனால் ஓரளவு கைக்கு எட்டும், ஸ்கேனர் எட்டாது. இன்ஜெக்ஷன் வண்டியிலும் வாசலில் வைத்தே செய்ய முடிந்தவை இன்னும் சில உண்டு: பஞ்சர் ஒட்டுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் ஷூ மாற்றுவது.