சமூகப் பணி படிப்பும் அரசு நலத்துறை வேலைகளும்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்ற பேச்சு நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், பி.காம். என்பதைத் தாண்டுவது அபூர்வம். சமூகப் பணி என்றால், "அது சேவைதானே, அதற்கு எதற்குப் படிப்பு?" என்கிறோம். ஆனால் ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்லும் சூரா தவ்பாவின் 60-வது வசனம், அதை வசூலித்து நிர்வகிப்பவர்களையும் அவர்களில் சேர்த்திருக்கிறது. உதவியை உரியவரிடம் கொண்டு சேர்ப்பது ஊதியத்துக்குரிய வேலை என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

அரசின் நலத்துறைகளில் இந்த வேலை இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, திட்டம் வகுப்பது: யாருக்கு என்ன தேவை என்று கணக்கெடுப்பது, செலவைத் திட்டமிடுவது, பலன் போய்ச் சேர்ந்ததா என்று பின்னர் சரிபார்ப்பது. மற்றொன்று, பயிற்சி கொடுப்பது. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் எடையை எப்படிப் பதிவது, கர்ப்பிணியிடம் எப்படிப் பேசுவது என்று அங்கன்வாடிப் பணியாளருக்கு யாரோ ஒருவர் கற்றுத் தந்தாக வேண்டும். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கும், பவானிசாகரில் உள்ள பயிற்சி நிலையம் புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களுக்கும் பயிற்சி தருகின்றன.

இதில் நம்மவர்கள் ஏன் வேண்டும்? கணக்கெடுக்க வருபவரிடம், "வீட்டில் ஆம்பளைங்க இல்லை" என்று கதவைச் சாத்தும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அந்த வீட்டில் இத்தாவில் இருக்கும் ஒரு விதவைப் பெண்ணின் பெயர் பட்டியலில் ஏறாமலே போய்விடும். அதே வாசலில் நம் பெண் ஒருத்தி அலுவலராக நின்றால் கதவு திறக்கும். இத்தா என்றால் என்னவென்று களப்பணியாளருக்கு விளக்கவும் அவளால் முடியும்.

எந்தப் பட்டம் பெற்றவரும் பொதுவாக எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு; களப்பயிற்சி கட்டாயம். மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936-லும், சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-லும் தொடங்கப்பட்டவை. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் பெண்கள் கல்லூரியிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. மகளை ஆண்கள் படிக்கும் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்கலாம்.

வேலை விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் பல பணியிடங்கள் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில்தான் நிரப்பப்படுகின்றன. சம்பளம் குறைவு, நிரந்தரமும் இல்லை. வீட்டின் முழுச் செலவையும் உடனே சுமக்க வேண்டிய மகனுக்கு இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டோம். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்துக்கு இது நல்ல இடம். கூடவே டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளையும் பார்த்து வர வேண்டும். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவிக்கு அந்த ஆணையமே தேர்வு நடத்துகிறது. சமூகப் பணி, மனையியல், ஊட்டச்சத்து போன்ற பட்டங்கள் அதற்குக் கேட்கப்படுகின்றன.

2007 முதல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ஷேக், சையது, தக்னி, மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவுகள் அதில் வருகின்றன. ராவுத்தர், மரைக்காயர் லெப்பையில் அடங்குவர். பிள்ளையின் சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் நேரம்வரை காத்திராமல் இப்போதே எடுத்துப் பாருங்கள்.