உடுக்கையும் ஒலிநாடாவும்

1966-ம் வருடத் தொடக்கம். டோக்கியோவில் என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தின் மின்னணு இசைக்கூடத்தில் ஒரு ஜெர்மன்காரர் டேப் மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். புத்தர் கோயில் மணி, மரக்கட்டைத் தாளம், பல தேசத்துப் பாட்டுகளின் ஒலிப்பதிவு என்று கிடைத்ததையெல்லாம் மின்சாரத்தில் போட்டுக் கலக்கி அவர் செய்த படைப்பு 'டெலிமியூசிக்'. மொத்தம் 32 துண்டு. ஒவ்வொன்றும் ஒரு ஜப்பானியக் கோயில் தாளக் கருவியின் அடியோடு ஆரம்பிக்கும். எல்லாம் சேர்ந்து பதினேழு நிமிஷம் சொச்சம். ஜப்பானியத் தாளம், குரல், கம்ப்யூட்டர் ஒலி மூன்றையும் கலந்து இன்றைக்கு மேடை நாடகம் போடுகிறவர்களுக்கு அவர் ஒருவகையில் தாத்தா.

இருக்கட்டும். அதற்கு முந்தைய வருடம், 1965-ல், நம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்திலும் ஒரு டேப் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அது திருப்பூர்க்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

மெஷினைக் கொண்டுவந்தவர் பிரெண்டா பெக். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம்பெண். பிற்பாடு கனடாவில் பேராசிரியர் ஆனார். கொங்கு நாட்டுக் குடியானவர் வாழ்க்கையைப் படிக்க வந்தவர், ஊரிலேயே தங்கிவிட்டார். வந்த இடத்தில் காதில் விழுந்தது உடுக்கையடிக் கதை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் கதை.

உடுக்கையடிக் கதை என்றால் என்னவென்று சென்னை வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கைக்கு அடக்கமான கருவி. இடுப்பு ஒடுங்கிய உடம்பு, இரண்டு பக்கமும் தோல், குறுக்கே கயிறு. இடது கை கயிற்றை அமுக்க அமுக்க, வலது கை விரல் அடிக்கிற ஒரே அடி விம்மும், கெஞ்சும், உறுமும். கதை சொல்கிறவர் ஒரே ஆள். அவரே தாமரை, அவரே பொன்னர், அவரே தலையூர்க் காளி, வயலை நாசம் பண்ண வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றியும் அவரேதான். பாட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். சட்டென்று வசனத்துக்கு இறங்கும். பக்கத்தில் ஒருத்தர் பின்பாட்டு. செட்டிங் கிடையாது, திரை கிடையாது. கதை முடிய ஒரு ராத்திரி போதாது.

(ஜப்பானின் நோ நாடகத்தில் 'கோட்சுசுமி' என்று ஒரு மத்தளம் உண்டு. அதற்கும் இடுப்பு ஒடுக்கம், அதற்கும் கயிறு. வலது தோளில் வைத்துக்கொண்டு கயிற்றை அமுக்கி அமுக்கித்தான் சுருதியை மாற்றுவார்கள். நடுநடுவே வாசிக்கிறவர் 'யோ', 'ஹோ' என்று குரலும் கொடுப்பார். நம் உடுக்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத் தோன்றுகிறது.)

ஓலப்பாளையத்தில் கதை பாடியவர் ராமசாமி. பல இரவுகள் பாடினார். பதிவானது ஏறக்குறைய நாற்பது மணி நேரம்! பெக் அதோடு விடவில்லை. அதே ராமசாமியை, அதே கதையை, கூட்டமும் ஆரவாரமும் இல்லாமல் சொல்லச் சொல்லி எழுதி வாங்கவும் ஏற்பாடு செய்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆள் அவர்தான், கதை அதுதான். ஆனால் நடையே வேறு, சம்பவங்களும் வேறுபட்டன. 1982-ல் வந்த அவருடைய ஆங்கில நூல் இந்த வித்தியாசத்தைத்தான் கையில் எடுத்து அலசுகிறது. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. எதிரே நூறு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்தக் கலைஞன் சும்மா இருப்பான்? எழுதுகிறவர் முன்னால் என்றால், கொஞ்சம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டுதானே பேசுவோம்!

1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அந்த ஒலிநாடாக் கதையை இரண்டு பாகங்களாக, தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டது. பிறகு பெக் அதை 26 பகுதி கார்ட்டூன் தொடராகவும் ஆக்கினார். டோக்கியோ நாடா பதினேழு நிமிஷமாகச் சுருங்கியது. காங்கேயத்து நாடா புத்தகம், படம் என்று வளர்ந்துகொண்டே போயிற்று.

நாடாவுக்குள் அடங்காத ஒன்று பாக்கி. அண்ணன்மார் கோயில்களில் கதை படுகளத்துக்கு வரும்போது உடுக்கை வேகம் எடுக்கும். கூட்டத்தில் சிலருக்கு அருள் வந்து செத்த உடம்பு மாதிரி விழுவார்கள். தங்கை வந்து அண்ணன்மாரை எழுப்புகிற கட்டத்தில், தீர்த்தம் தெளித்து இவர்களையும் எழுப்ப வேண்டும். அதுவரை வீட்டார் பக்கத்திலேயே காத்திருப்பார்கள். கேட்கிறவன் பாதி நடிகன்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒருமுறை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பவர் டேபிளில் காலர் தைத்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரரின் செல்போனில் உடுக்கைச் சத்தம். மிஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அண்ணன்மார் கதைதான். முழுசாகக் கேட்பீர்களா என்றேன்.

"கேப்பனுங்க. படுகளம் வந்துச்சுன்னா ஆப் பண்ணிப்போடுவேன்" என்றார்.

ஏன்?

ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தியபடியே சொன்னார்: "கை மிஷின்ல இருக்குதுங்கள்ல."