சோறே கூலியாக இருந்த ஊர்

மலாயாவில் ஒரு காலத்தில் தமிழனின் சோற்றை டாக்டர்கள் மருந்தாகப் பார்த்தார்கள். சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தபோது, அதே மண்ணில் வேலை செய்த தமிழர்களை அந்த நோய் அவ்வளவாக அண்டவில்லை. அரிசிதான் காரணம் என்றார் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன். 1907இல் அதைப் புத்தகமாகவே போட்டார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி; தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து, 1909இல் இதை உறுதிப்படுத்தினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டோரச் சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

அந்தச் சோற்றைத்தான் இன்று கெடாவின் சுங்கைப்பட்டாணி கிளினிக்குகளில் குறைக்கச் சொல்கிறார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4.

இடையில் நடந்ததைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். 1909 ஒப்பந்தத்தில் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய கெடாவில், கூலிம், பீடோங், பாடாங் செராய், லுனாஸ் வட்டாரங்கள் மளமளவென்று ரப்பர் காடாயின. மாநிலத்தின் வடக்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். ஆனாலும் தோட்டக் குடியிருப்பான லயத்துத் தமிழர்களின் பானையில் வெந்தது பெரும்பாலும் கப்பலில் வந்த பர்மாப் புழுங்கல்தான். அரிசியைத் தோட்ட நிர்வாகமே வரவழைத்துக் கொடுத்து, சம்பள நாளில் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆளுக்கு எவ்வளவு கூலி போதும் என்று 1920களில் அரசு கணக்குப் போட்டபோதும் அரிசிதான் தலைப்பொருள். அதாவது, கூலி என்பதே ஏறக்குறைய சோற்றின் இன்னொரு பெயர்.

அந்தச் சோற்றை உடம்பு மிச்சம் வைக்கவில்லை. இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரையில் நானூறு ஐந்நூறு மரத்தில் பால் வெட்டி, மறுபடி அத்தனை மரத்துக்கும் நடந்து மங்கில் நிறைந்த பாலைச் சேர்த்து, வாளிகளைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். உச்சிவெயிலில் லயத்துக்குத் திரும்பியவர்கள் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டதை யாரும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் கொஞ்சம் கருவாடு, லயத்தின் பின்னால் பாத்தி கட்டிய கீரை, முருங்கை. குடும்பத்தோடு இருந்த தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று மலாயாத் தொழிலாளர் சட்டத்தில் விதியே இருந்தது. கீரைக்கு அந்தப் பாத்தி போதும்.

பிறகு ஜப்பான்காரன் காலம். பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும். ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவையே தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பசியைக் கண்ட வீடுகளில் சோறு என்பது உணவு மட்டுமாக இருக்கவில்லை, மானமாகவும் ஆனது. பேரப்பிள்ளைகளிடம் ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று வற்புறுத்திய பாட்டிகள் எந்த வறுமையை விரட்டிக்கொண்டிருந்தார்கள் என்று டயட்டீஷியன்களுக்குத் தெரிந்தால் நல்லது.

போர் முடிந்ததும் இதே பீடோங் வட்டாரத்தில் வாய்க்குக் கட்டுப்பாடு போட ஓர் இயக்கமே எழுந்தது. ஹார்வார்ட் தோட்டத்தைத் தளமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் வளர்ந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை மறித்தது. குடித்தவர்களைத் தட்டிக் கேட்டது. நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் இது பிடிக்கவில்லை. 1947இல் பீடோங்கில் மோதல். ஏப்ரல் இறுதியில் கூலிம் அருகே டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். கள்ளை எதிர்த்து இவ்வளவு போராடிய இந்த மண்ணில், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. எழும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கள் குடும்பத்தைக் கெடுப்பது கண்முன்னே தெரிந்தது. சர்க்கரை இருபது வருடம் பொறுத்துத்தான் காலில் புண்ணாக வருகிறது.

1980களிலிருந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. பிள்ளைகள் டவுனுக்கு வந்தார்கள். 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பூங்கா போன்ற இடங்களில் ஷிப்ட் வேலை. மரம் வெட்டும் நடை நின்றது. தட்டின் அளவு குறையவில்லை.

மாவுச்சத்தைக் குறைப்பது நீரிழிவுக்குப் பழைய வைத்தியம். 1797இலேயே ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் இறைச்சியை மையமாக வைத்துப் பத்தியம் எழுதினார். 1922இல் டொராண்டோவில் இன்சுலின் ஊசி வரும்வரை பத்தியத்தை விட்டால் வேறு பெரிய வழியில்லை. சென்னையில் கதை வேறு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய எம். விசுவநாதன், தமிழர் தட்டை அடியோடு மாற்ற முயலாமல், நார்ச்சத்து கூடிய மாவுச்சத்து உணவையே பரிந்துரைத்தார். காற்று இப்போது மறுபக்கம் வீசுகிறது. 18,090 பேரின் தரவை வைத்து 2022இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வு, புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 49 முதல் 54 விழுக்காட்டுக்குள் கொண்டுவந்து, புரதத்தைக் கூட்டினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்கிறது. சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை, பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு இறக்கச் சொல்கிறது. மலேசிய சுகாதார அமைச்சும் தட்டில் கால் பங்குதான் சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, மீதிப் பாதி காய்கறி, பழம் என்கிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை வெட்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பானத்தில் மாற்றம் எளிது. கடையில் ‘தே ஓ கோசோங்’ என்றால் சர்க்கரையில்லாத தேநீர் வந்துவிடும். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025இல் அது 90 சென்.

தட்டுதான் சிக்கல். உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது: கிலோ 2.60 ரிங்கிட். மீனுக்கு அப்படி இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோற்றை மறுபடி போட்டுக்கொள்ளக் காசில்லை. வறுத்த மீன் துண்டுக்குத் தனிக் காசு. சோற்றைக் குறைக்கும் குடும்பம் மாதக் கடைசியில் அதிகம் செலவழித்திருக்கும். பழைய தோட்டத் தொழிலாளியின் பேரன் அதற்கு என்ன செய்வது என்று இன்னும் எந்தப் பத்தியச் சீட்டும் எழுதித் தரவில்லை.