துரோகி என்னும் சொல்: 2016இல் முரளிதரன் ஏற்ற பயிற்சிப் பணியும் அதன் முன்வரலாறும்

2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டமே முத்தையா முரளிதரன் இலங்கைக்காக ஆடிய கடைசிச் சர்வதேச ஆட்டம். இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் வென்றது; முரளிதரனுக்கு அன்று ஒரு விக்கெட்டும் கிடைக்கவில்லை. எதிரணியில் தமிழர் ஒருவர் இருந்தார் என்பதற்காகத் தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் தமிழர்கள் இந்தியாவின் வெற்றியைக் கொண்டாடாமல் இருந்துவிடவில்லை. அவர் இலங்கை அணிக்கு ஆடினார், இவர்கள் இந்திய அணியை ஆதரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதில் அன்று எவருக்கும் குழப்பமில்லை.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதர் தம் சொந்த நாட்டிலேயே எந்தப் பக்கத்தவர் என்ற கேள்வி எழுந்தது. 2016 ஜூலையில் ஆஸ்திரேலிய அணி மூன்று டெஸ்ட் போட்டிகளுக்காக இலங்கை வந்தபோது, அதன் சுழற்பந்து வீச்சாளர்களைத் தயார் செய்யும் ஆலோசகப் பயிற்சியாளராக முரளிதரன் நியமிக்கப்பட்டிருந்தார். 2014இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் பாகிஸ்தானை எதிர்கொண்டபோதும் ஆஸ்திரேலியா அவருடைய உதவியைப் பெற்றதுண்டு. அப்போது பெரிய சலசலப்பு எழவில்லை. இம்முறை எதிரணி இலங்கை. போதாக்குறைக்கு, இவ்விரு நாடுகளின் டெஸ்ட் தொடருக்கான கோப்பையே வார்ன்–முரளிதரன் கோப்பை என்று அவர் பெயரைத் தாங்கியிருந்தது.

தொடர் தொடங்குமுன்பே பூசல் வெடித்தது. பயிற்சி ஆட்டத்தை ஒட்டி ஆடுகளத்தைப் பயன்படுத்துவது குறித்தும், இலங்கை அணி மேலாளருடன் நடந்த வாக்குவாதம் குறித்தும் இலங்கை கிரிக்கெட் வாரியம் முரளிதரன் மீது புகார் கூறியது. வாரியத்தின் அன்றைய தலைவர் திலங்க சுமதிபால இதை அறம் சார்ந்த பிரச்சினையாக முன்வைத்தார். ரசிகர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். உள்நாட்டு ஆடுகளங்களின் நுணுக்கத்தை எதிரிக்குக் கற்றுக்கொடுப்பது நாட்டுக்கு இழைக்கும் துரோகம் என்றது ஒரு தரப்பு. ஓய்வுபெற்ற விளையாட்டுக்காரர் தம் கல்வியை எங்கும் விற்கலாம் என்றது மறுதரப்பு. தாம் துரோகி அல்லர் என்றும், தம் அனுபவத்தை இலங்கை வாரியம் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்றும் முரளிதரன் பதிலளித்தார்.

பயிற்சி ஆட்டம் நடந்த இடத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. கொழும்பின் பி. சரவணமுத்து மைதானம் தமிழ் யூனியன் கழகத்தின் தாய்மைதானம். 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது அங்கேதான். தமிழ் யூனியன் முரளிதரனின் கழகமும்கூட. தாம் ஆடி வளர்ந்த திடலில் அவர் எதிரணியின் சீருடையுடன் நின்றார் என்பதே பலருக்கு உறுத்தலாக இருந்தது. அந்த உறுத்தலைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. நேற்றுவரை தம் வெற்றிக்கு உழைத்தவர் இன்று எதிரணியின் ஓய்வறையில் அமர்ந்திருப்பதைக் காணும் ரசிகருக்கு வலிக்கத்தான் செய்யும். அந்த வலி யாருடைய விஷயத்தில் குற்றச்சாட்டாக மாறுகிறது, யாருடைய விஷயத்தில் மாறாமல் அடங்கிவிடுகிறது என்பதே வரலாற்று ஆய்வுக்குரிய கேள்வி.

பயிற்சியாளர்கள் எல்லை கடப்பது கிரிக்கெட்டில் பழைய வழக்கம். 1996இல் இலங்கை உலகக் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர் டேவ் வாட்மோர். கொழும்பில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் குடியேறி, அந்நாட்டுக்காக 7 டெஸ்ட் ஆடியவர். லாகூரில் அவருடைய மாணவர்கள் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது ஆஸ்திரேலியாவைத்தான். பின்னர் டாம் மூடி, டிரெவர் பெய்லிஸ் என ஆஸ்திரேலியர்கள் இலங்கை அணியை வழிநடத்தினர். 2016 மே மாதம் ஐ.பி.எல். கோப்பையை வென்ற ஹைதராபாத் அணியில் மூடி தலைமைப் பயிற்சியாளர், முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளர், டேவிட் வார்னர் அணித்தலைவர். இரண்டே மாதங்களில் அதே வார்னர் ஆஸ்திரேலியத் துணைத்தலைவராக இலங்கையில் வந்து இறங்கினார்.

இன்னும் நெருக்கமான ஒப்பீடு 2017 மார்ச்சில் கிடைக்கிறது. வங்கதேசம் தன் நூறாவது டெஸ்ட் போட்டியை அதே சரவணமுத்து மைதானத்தில் ஆடி, இலங்கையை நான்கு விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. வங்கதேசத்தின் தலைமைப் பயிற்சியாளர் சந்திக்க ஹத்துருசிங்க. இலங்கையின் முன்னாள் டெஸ்ட் வீரர். உள்நாட்டு ஆடுகளத்தின் இயல்பறிந்த ஒருவர், எதிரணிக்குப் பயிற்சியளித்து, சொந்த நாட்டை அதன் மண்ணிலேயே வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் இலங்கை வாரியம் அவரையே தன் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. இரண்டு நிகழ்வுகளும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. முரளிதரன் மீது நடத்தை பற்றிய புகார் இருந்தது, ஹத்துருசிங்க நெடுங்கால ஒப்பந்தத்தில் இருந்தார். ஆயினும் எதிரணிக்குப் பயிற்சியளித்தல் என்ற செயல் மட்டுமே துரோகமாகிவிடாது என்பதை இந்நியமனம் காட்டுகிறது. அச்சொல்லுக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

அது என்னவென்று அறியச் சொல்லின் வரலாற்றைப் பார்க்கலாம். துரோகம் வடமொழி வேர் கொண்டது. தமிழும் சிங்களமும் அதே வேரிலிருந்து அதே பொருளுக்குச் சொல்லைப் பெற்றுள்ளன. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் துரோகிகள் என்றே குறிப்பிடுகிறது. அந்த ஆணை கொலையாளிகளோடு நின்றுவிடவில்லை. அவர்களுடைய உறவினரின் உடைமைகளும் பறிபோயின. போரில் மன்னனைக் கொல்லும் பகைவன் பகைவனே. அவனை யாரும் துரோகி என்பதில்லை. உள்ளிருந்து கொன்றவனுக்கே அப்பெயர். ஆக, சொல்லின் பொருளுக்குள்ளேயே ஒரு முன்நிபந்தனை அடங்கியிருக்கிறது: குற்றம் சாட்டப்படுபவர் முதலில் நம்மவராக இருந்தாக வேண்டும். காலனிய ஆட்சியில் இராசத்துரோகம், விடுதலைக்குப் பின் தேசத்துரோகம், இன அரசியலில் இனத்துரோகம் என்று முன்னொட்டுகள் மாறின; நிபந்தனை மாறவில்லை.

இந்த நிபந்தனை மலையகத் தமிழர் விஷயத்தில் விசித்திரமாக வேலை செய்கிறது. முரளிதரனின் பாட்டனார் 1920இல் நாமக்கல் பகுதியிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை சென்றவர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அத்தகைய குடும்பங்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என விடப்பட்டது. கண்டியில் முரளிதரனின் தந்தை நடத்திய பிஸ்கட் தொழிற்சாலை 1977 கலவரத்தில் எரிக்கப்பட்டது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அப்போது முரளிதரன் இலங்கைக்காக டெஸ்ட் ஆடத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சமூகத்தை நம்மவர் என்று ஏற்பதற்கு அரசுக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவர் நம்மவராக இருந்தும் பிழைத்துவிட்டார் என்று சொல்ல 2016இல் சில நாட்களே போதுமாயின.

ஆஸ்திரேலியாவின் பக்கத்திலும் இந்த நியமனத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1992இல் முரளிதரன் அறிமுகமான டெஸ்ட் அந்நாட்டுக்கு எதிராகவே நடந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை எறி என்று கூறி ஏழு முறை நோ-பால் அறிவித்தார். 1999இல் அடிலெய்டில் அது மீண்டும் நிகழ, அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றார். 2004இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரைப் பந்தை எறிபவர் என்றார். அவ்வாண்டு ஆஸ்திரேலியப் பயணத்தை முரளிதரன் தவிர்த்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத அவருடைய முழங்கையை ஆராய்ந்து அவர் தரப்புக்கு வலுச் சேர்த்தது பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகம். முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற பொது விதி 2005இல் வந்தது. எறிபவர் என்று தான் தூற்றிய கையையே ஆசானாக அமர்த்திக்கொள்ள ஆஸ்திரேலியா முன்வந்தது. பழைய காயங்கள் இருந்தும் முரளிதரன் இசைந்தார். அந்த ஆண்டுகளில் அவருக்காகக் கொதித்தெழுந்த இலங்கை ரசிகருக்கு இந்த இசைவு கசந்ததில் வியப்பில்லை.

பாக் நீரிணையின் இக்கரையில் இதே சொல் வேறு வகையில் சுழன்றது. 2013இல் இலங்கைப் போர்க்குற்றங்களை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தபோது, முதல்வர் ஜெயலலிதாவின் கோரிக்கையை அடுத்து இலங்கை வீரர்கள் சென்னையின் ஐ.பி.எல். ஆட்டங்களில் இடம்பெறக்கூடாது என்று முடிவாயிற்று. மும்பை அணியின் மலிங்காவைப் போலவே, பெங்களூரு அணியின் முரளிதரனும் சேப்பாக்கத்தில் ஆட முடியவில்லை. மூன்று ஆண்டுகள் சென்னை அணிக்கு ஆடிய ஒரு தமிழர், தமிழருக்கான நீதியின் பெயரால் சென்னையிலிருந்து விலக்கப்பட்டார். அன்று அவர் அயலவர், இலங்கையர். 2020இல் அவருடைய வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிக்கவிருந்தபோது வகைப்பாடு தலைகீழானது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டைப் பற்றி முரளிதரன் ஓராண்டுக்கு முன் பேசிய பேச்சு நினைவூட்டப்பட்டு, அவர் இனத்துரோகி எனப்பட்டார். நடிகரை விலகிக்கொள்ளுமாறு முரளிதரனே கேட்க, அவர் விலகினார். படம் வேறொரு நடிகருடன் 2023இல் வெளிவந்தது. அப்பேச்சுக்கு எழுந்த கண்டனத்துக்குப் போரில் உற்றாரை இழந்தோரின் துயரம் பின்னணியாக இருந்தது. அதை எளிதாக ஒதுக்கக்கூடாது. எனினும் 2013இல் அயலவராக வைத்து விலக்கப்பட்டவரை 2020இல் நம்மவராக வைத்துத் தண்டிப்பதில் உள்ள முரண் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை.

மும்பைத் தமிழருக்கு இந்த வரலாறு தொலைதூரச் செய்தி அன்று. தேயிலைத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அதே தலைமுறைகளில்தான் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கும், எழுத்தர் பணிகளைத் தேடி மாதுங்காவுக்கும் தமிழர்கள் வந்தனர். 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு இங்கிருந்த தென்னிந்தியர்களே. நகரத்துக்கு எவ்வளவு உழைத்தாலும் நீ எவ்விடத்தவன் என்ற கேள்வி முடிவதில்லை என்பதை அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் அறிவார்கள். பூர்வகுடி என்று கருதப்படுபவர் எதிரணிக்கு வேலை செய்தால் அது தொழில். வந்தேறி என்று கருதப்படுபவர் அதையே செய்தால் அவருடைய விசுவாசம் விசாரணைக்கு வருகிறது. மஹேல ஜயவர்தன 2017இல் மும்பை இந்தியன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகி அவ்வாண்டே கோப்பையை வென்றபோது, 2011 இறுதி ஆட்டத்தில் இதே வான்கடேயில் இந்தியாவுக்கு எதிராகச் சதமடித்தவர் என்பது அவருக்குத் தடையாகவில்லை. மும்பை அவரிடம் வேலையை மட்டுமே எதிர்பார்த்தது.

2016 தொடரின் முடிவு விவாதத்தின் இரு தரப்பையும் சங்கடப்படுத்தியது. பல்லேகலையில் முதல் இன்னிங்ஸில் 117 ஓட்டங்களுக்குச் சுருண்ட இலங்கை, குசல் மெண்டிஸின் 176 ஓட்டங்களால் மீண்டெழுந்து வென்றது. ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அதன் டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது வெற்றிதான். முதல் வெற்றி 1999இல் கண்டியில் கிடைத்தது. அதில் ஆடியவர்களுள் முரளிதரனும் ஒருவர். தொடர் 3–0 என்று முடிந்தது. ரங்கன ஹேரத் 28 விக்கெட்டுகளை வீழ்த்தினார். காட்டிக்கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஆடுகள இரகசியம் ஆஸ்திரேலியாவுக்கு எந்தப் பயனும் தரவில்லை. துரோகத்தால் இலங்கைக்கு நேர்ந்த இழப்பு என்று சுட்டிக்காட்ட ஆடுகளத்தில் எதுவும் எஞ்சவில்லை. தொடர் முடிந்ததும் இலங்கை அணித்தலைவர் ஏஞ்சலோ மேத்யூஸ் பெற்றுக்கொண்ட கோப்பையில் முரளிதரனின் பெயர் இருந்தது.